அடி நிஜமா, சார்?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். பாதியில், "சாருக்கு என்ன ஆச்சு?" என்று யாரும் என் மகனுக்குப் போன் போட வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். 1998-ல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் வகுப்புக்காரர்கள் படித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"சார், என் கேள்வியை வாசிச்சுட்டாங்க சார்!" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எந்த அமைச்சரிடம் என்ன கேட்டானோ என்று நினைத்தேன். அமெரிக்காவில் பழைய மல்யுத்த வீரர் ஒருவர் நடத்தும் பாட்காஸ்ட்டாம். வயதான உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: பாட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி மாதிரிதான். நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், செல்போனில் நினைத்தபோது கேட்டுக்கொள்ளலாம். அதில் ரசிகர்கள் அனுப்பும் கேள்விகளை ஒருவர் வாசிக்க, அந்த வீரர் பதில் சொல்வார். இவன் மூன்று வருடமாகக் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

லிங்க் அனுப்பினான். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவன் பெயரை வாசித்தவர் படாத பாடு படுத்திவிட்டார். ஆனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பழைய ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, "அன்றைக்கு ஆட்டம் முடிந்து காரில் போகும்போது அதைப் பற்றிப் பேசினீர்களா, இல்லை வேறு ஏதாவது பேசினீர்களா?" என்று கேட்டிருந்தான். அவ்வளவுதான். அந்தக் கிழவர் சிரித்துவிட்டு, ஆட்டம் தனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை என்றார். ஆனால் கார் ஞாபகம் இருந்தது. யார் ஓட்டினார், யார் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு தூங்கினார், பெட்ரோல் காசில் யார் தன் பங்கைத் தராமல் ஏமாற்றினார் என்று பேசிக்கொண்டே போனார். எட்டு நிமிடம். நான் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வாரமாக இதுதான் என் வேலை. "ரிட்டயர்டு ஆகிப் பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் சண்டைக் கச்சேரியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வேடிக்கைக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் இந்த ரசிகர்கள் கேட்கும் கேள்விகளில், முப்பத்து நாலு வருடம் வரலாறு நடத்திய நான் சொல்லிக்கொடுக்கத் தவறிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்கதை. இந்த அமெரிக்க ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பல பத்தாண்டுகள் அதை வெளியே சொல்லாமல் கட்டிக்காத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவர்கள் மொழியில் 'கேஃபேப்' என்று பெயர். மேடையில் எதிரிகள் என்றால் வெளியிலும் எதிரிகள் மாதிரிதான் நடக்க வேண்டும். 1987-ல் ஜிம் டக்கன், அயர்ன் ஷேக் என்ற இருவர் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போகும்போது போலீசில் சிக்கினார்கள். மேடையில் ஜென்ம விரோதிகளாக நடித்தவர்கள் ஒரே காரில் போனது வெளியே தெரிந்துவிட்டதே என்பதுதான் அந்தத் தொழிலுக்குப் பெரிய அதிர்ச்சி!

கேள்வி கேட்டவருக்கு என்ன நடந்தது தெரியுமா? 1984 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜான் ஸ்டாசல் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர், டேவிட் ஷுல்ஸ் என்ற வீரரிடம், "இதெல்லாம் போலி என்று நினைக்கிறேன்" என்றார். ஷுல்ஸ் கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓர் அறை விட்டார். கீழே விழுந்து எழுந்தவருக்கு மறுபக்கமும் ஓர் அறை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "இது போலி அடியா?" என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

அடுத்த ஐந்தே வருடத்தில், 1989-ல், அதே நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம் தானே போய், "எங்களுடையது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை" என்று ஒப்புக்கொண்டது. காரணம் ஞானோதயம் அல்ல. விளையாட்டு என்றால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. கேளிக்கை என்றால் அது இல்லை. செய்தியாளர் கேட்டபோது அறை, காசு விஷயம் என்றபோது வாக்குமூலம். வரலாற்றில் நிறைய உண்மைகள் இப்படித்தான் வெளியே வந்திருக்கின்றன. உங்களுக்கு நான் நடத்தியது ஞாபகம் இருக்கலாம்.

இப்போது காலம் தலைகீழ். அந்த ரகசியத்தைக் காத்தவர்களே இன்று மைக் முன்னால் உட்கார்ந்து, "கேளுங்கள், சொல்கிறோம்" என்கிறார்கள். அலபாமாவில் வீட்டுக்கடன் தொழில் செய்யும் கான்ராட் தாம்ப்சன் என்ற ரசிகர் 2016-ல் புரூஸ் பிரிச்சர்டோடு இப்படி ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். பிரிச்சர்டு அந்த நிறுவனத்தின் உள்வேலைகளில் பல வருடம் இருந்தவர். அது பிடித்துப்போக, எரிக் பிஷாஃப், வர்ணனையாளர் ஜிம் ராஸ், ஆர்ன் ஆண்டர்சன் என்று ஒவ்வொருவரோடும் தனித்தனி நிகழ்ச்சி வந்தது. ஆர்ன் ஆண்டர்சன் நிகழ்ச்சியில் ரசிகர் கேள்விகளுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. ஜிம் கார்னெட் என்பவர் வாரம் இரண்டு நிகழ்ச்சி செய்கிறார். அதில் ஒன்று முழுக்கக் கேள்வி-பதில்தான். பிரையன் லாஸ்ட் என்பவர் வாசிக்க, கார்னெட் பதில் சொல்வார். வசவும் சேர்ந்து வரும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது போடாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வாத்தியார் புத்தி எங்கே போகும்? வந்த கேள்விகளை மனசுக்குள் திருத்திக்கொண்டே கேட்டேன். பெரும்பாலானவை மூன்று ரகம்.

முதல் ரகம், தன் கருத்துக்கு முத்திரை கேட்பது. "எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர் இவர்தானே? நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்தானே?" இதற்குப் பதில் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கேட்டவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நம் ஊரில் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி.

இரண்டாவது ரகம், "இப்படி நடந்திருந்தால்?" என்பது. இன்னார் அந்த நிறுவனத்தை விட்டுப் போகாமல் இருந்திருந்தால், இன்னார் ஜெயித்திருந்தால் என்று கேட்பார்கள். சுவாரசியம்தான், நானும் ரசித்துக் கேட்டேன். ஆனால் அதில் பதில் சொல்பவரின் கற்பனை தெரியும். அவர் கண்டது தெரியாது.

மூன்றாவது ரகம் குறைவு. அதுதான் தங்கம். அங்கே இருந்த ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்பது. அன்றைக்குச் சம்பளம் கையில் தந்தார்களா, காசோலையா? அடிபட்ட இரவு யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்? கூட்டம் கத்தும்போது எதிராளியிடம் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்? கார்னெட் 1986-ல் உயரமான சாரத்தின் மேல் நடந்த ஓர் ஆட்டத்தில் கீழே விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். கீழே நின்று பிடிக்க வேண்டியவர் பிடிக்கவில்லை. யார் ஜெயிப்பது என்பது முடிவாகியிருந்தது. யாருக்கு முழங்கால் போகும் என்பது முடிவாகவில்லை. "அடி நிஜமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அறை வாங்கலாம். "சாரத்தின் மேல் ஏறும்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை கிடைக்கும்.

சரி, அங்கே இருந்தவர் சொல்லிவிட்டால் அது உண்மையா? இங்கேதான் அந்த ரசிகர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

1997 டிசம்பர் 28, வாஷிங்டன் நகரம். ஒரு வருடத்துக்கும் மேல் சண்டை போடாமல் மேலே உத்தரத்திலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்த ஸ்டிங், அன்றைக்குத்தான் ஹல்க் ஹோகனோடு மோதுகிறார். திட்டப்படி நடுவர் வேண்டுமென்றே வேகமாக ஒன்று-இரண்டு-மூன்று எண்ண வேண்டும். உடனே பிரெட் ஹார்ட் வந்து, "இது அநியாயம், வேகமாக எண்ணிவிட்டார்" என்று ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் நடுவர் சாதாரண வேகத்தில்தான் எண்ணினார். பிரெட் ஹார்ட் வந்து நடக்காத அநியாயத்துக்கு நியாயம் கேட்டார்! ஏன் அப்படி ஆனது? இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் ரசிகர்கள் விடவில்லை. அப்போது அந்த நிறுவனத்தை நடத்திய பிஷாஃபிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நடுவர் ஒன்று சொல்கிறார், மற்றவர்கள் வேறு சொல்கிறார்கள். எல்லோரும் நேரில் இருந்தவர்கள்தான். வீடியோவும் இருக்கிறது. ஆனாலும் காரணம் முடிவாகவில்லை.

அதற்கு ஏழு வாரம் முன்னால், நவம்பர் 9, மான்ட்ரியல். அதே பிரெட் ஹார்ட், தான் தோற்கப் போவதில்லை என்று நம்பி மேடை ஏறினார். அவருக்குத் தெரியாமல் முதலாளி வின்ஸ் மெக்மேன் மணி அடிக்கச் சொல்லித் தோற்கடித்தார். இன்றைய பாட்காஸ்ட்காரர்களில் ராஸ் அன்றைக்கு மேடையருகே வர்ணனை செய்துகொண்டிருந்தார். பிரிச்சர்டும் கார்னெட்டும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். யாருக்கு எவ்வளவு முன்பே தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பதில்களை எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைக்கிறார்கள். டேவ் மெல்ட்சர் என்பவர் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் செய்திமடலில் அன்றைக்கு என்ன எழுதினார் என்று பார்க்கிறார்கள். "நீங்கள் சொன்ன தேதியில் நீங்கள் வேறு ஊரில் அல்லவா இருந்தீர்கள்?" என்று மடக்குகிறார்கள். தாம்ப்சனே பிரிச்சர்டிடம் அந்தச் செய்திமடலை வாசித்துக் காட்டித்தான் கேட்பார். பிரிச்சர்டுக்கு மெல்ட்சர் பெயரைக் கேட்டாலே ஆகாது. அந்தச் சண்டைதான் நிகழ்ச்சியின் பாதிச் சுவை.

நேர்சாட்சி, எழுத்துச் சான்று, முரண்பாடு, யாருக்கு என்ன ஆதாயம் என்று இவற்றையெல்லாம் வரலாற்று ஆய்வு முறை என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தீர்கள். இவர்கள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். பதில் சொல்பவருக்கு விளம்பர வருமானம் உண்டு, பழைய பகை உண்டு, தன்னைப் பெரிய ஆளாகக் காட்டும் ஆசை உண்டு. நல்ல ரசிகன் அதையும் கழித்துக்கொண்டுதான் கேட்கிறான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கேட்கக் கூடாத கேள்விகளும் வருகின்றன. 1999 மே 23, கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது கொக்கி விடுபட்டு மேடையில் விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அவர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு ஜிம் ராஸ் தலையில் விழுந்தது. ஏன் நிறுத்தவில்லை, பாதுகாப்பை யார் பார்த்தார்கள் என்று கேட்பது நியாயம். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் விழுந்த அந்த நொடி எப்படி இருந்தது என்று கிளறுவது எதற்கு? துக்க வீட்டில் நாம் எதைக் கேட்போம், எதைக் கேட்க மாட்டோம்? அந்த அளவுகோல் மைக் முன்னாலும் வேண்டும்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

போன் செய்த இந்தப் பையனை 1998 வகுப்புக்காரர்களுக்கு ரெஸ்லிங் சீட்டால்தான் ஞாபகம் இருக்கும். கேபிள் டிவி வந்த புதிது. பெஞ்சுக்கு அடியில் எப்போதும் ட்ரம்ப் கார்டு ஓடும். உயரம், எடை, பைசெப்ஸ், ரேங்க். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். அவனிடம் முழுக்கட்டு இருந்தது. நான்தான் பிடுங்கினேன்.

ஆனால் நான் அவனை அடித்தது சீட்டுக்காக இல்லை. அன்றைக்கு முதலாம் பானிபட் போர் நடத்திக்கொண்டிருந்தேன். 1526. பாபரிடம் பன்னிரண்டாயிரம் பேர், இப்ராகிம் லோடியிடம் ஒரு லட்சம் பேர், ஆயிரம் யானைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "சார், அதை யாரு சார் எண்ணுனது?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் அத்தோடு விடவில்லை. "டிவியிலயும் இப்படித்தான் சார் எடையைக் கூட்டிச் சொல்வாங்க" என்றான். சிரிப்பு இன்னும் பெரிதானது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நான் அவனை முன்னால் கூப்பிட்டுப் பிரம்பால் நாலு அடி கொடுத்தேன். "திமிரு" என்றேன். அப்புறம் அந்த வருடம் முழுவதும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன். தெரியாததால்தான் அடித்தேன். பதில் பிறகுதான் படித்தேன். அந்தக் கணக்கைச் சொன்னது பாபரேதான், தன் நினைவுக்குறிப்பில். ஜெயித்தவர் சொன்ன கணக்கு. தன் படையைச் சிறியதாகவும் எதிராளி படையைப் பெரியதாகவும் சொல்வதில் ஜெயித்தவருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு பதினாலு வயதுப் பையன் மல்யுத்தம் பார்த்தே புரிந்துகொண்டிருந்தான். வரலாற்று ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தது.

ஷுல்ஸ் அந்தச் செய்தியாளரை அறைந்த கதையை முதலில் கேட்டபோது, "என்ன காட்டுமிராண்டித்தனம்" என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பாலத்துக்குப் பக்கம் வரும்போதுதான் உறைத்தது. அவர் தன் தொழிலின் ரகசியத்தைக் காக்க அடித்தார். நானும் அதற்காகத்தான் அடித்திருக்கிறேன். 'வாத்தியாருக்கு எல்லாம் தெரியும்' என்பதுதான் எங்கள் கேஃபேப்.

'கேள்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். திருக்குறளில் கல்லாமைக்கு அடுத்த அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அது காதால் கேட்டுக் கற்பதைக் குறிக்கிறது. இதை எத்தனை தமிழாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருப்பேன்! பிள்ளைகள் கேட்பதற்கு வாத்தியாரும் செவிகொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் அவனுக்கு நானே போன் செய்தேன். பானிபட் விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் ஞாபகம் இல்ல சார்" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு அடி இல்ல சார், ஆறு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் பாருங்கள், அடித்தவன் கணக்கு நாலு, வாங்கியவன் கணக்கு ஆறு. இந்தப் பதிவில் மேலே நான் நாலு என்றுதான் எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விட்டிருக்கிறேன். என் ஞாபகத்தில் இருப்பது அதுதான். எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பி, நீ படிப்பாய் என்று தெரியும். போனில் சொன்னதை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். வகுப்பு முன்னால் அடித்தேன், வகுப்பு முன்னால்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். உன் கேள்வி சரி. நான் செய்தது தப்பு. உன் சீட்டுக்கட்டு தலைமையாசிரியர் அறை அலமாரிக்குப் போனது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும், வளரும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கோணல்மாணலாக ஏதாவது கேட்டால், "எங்கே பார்த்தாய், யார் சொன்னார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். முப்பத்து நாலு வருடத்தில் நான் இதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தால் அதிகம்.

அடுத்த வாரம் அவனும் நானும் சேர்ந்து ஒரு கேள்வி அனுப்பப் போகிறோம். வாசிக்க இன்னும் மூன்று வருடம் ஆனாலும் ஆகட்டும். என்ன கேட்கலாம் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் கீழே எழுதுங்கள். "தலைசிறந்தவர் யார்?" என்று மட்டும் வேண்டாம்.

என்னிடம் கேட்க நினைத்து, பிரம்புக்குப் பயந்து கேட்காமல் விட்ட கேள்வி யாரிடமாவது இருந்தால், அதையும் எழுதுங்கள். இப்போது என் கையில் பிரம்பு இல்லை. நேரமும் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்